ஹாட்லி சார் பேர் போட்ட செருப்பு

பெல்மோர் மாவட்ட ஆஸ்பத்திரி,
செயின்ட் வின்சென்ட்.
9 மார்ச் 1998

காஸ்வெல் அண்ணனுக்கு,

நீ அனுப்பின பெட்டி வந்து சேர்ந்தது. போன்ல பேசலாமேன்னு எழுதியிருந்தே. வேண்டாம். அப்பா அடக்கத்துக்கு நீ வராமப் போனதுலேர்ந்து உன் குரலைக் கேட்டாலே எனக்கு மூச்சு முட்டுது. எழுத்துன்னா கொஞ்சம் மரியாதையா இருப்பேன்.

இங்கிலாந்துல உங்க சங்கக் கூட்டத்துல படிச்சுக் காட்டணும்னு கேட்டியே, அதனால முதல்லேர்ந்தே சொல்றேன். இங்க சர்க்கரைக்காரங்க பாதம் மரத்துப்போகும். கல்லு குத்தினாலும் தெரியாது. புண்ணு வரும், அந்தப் புண்ணு மேலயே நடப்பாங்க, கடைசியில காலை எடுப்போம். மருந்து வெச்சுக் கட்டினா மட்டும் போதாது, புண்ணு மேல பாரம் விழக்கூடாது. அதுக்குன்னு பணக்கார நாட்டுல தனி ஷூ இருக்காம். நமக்கு எங்கே? சந்தை முனையில டயர் செருப்பு தைக்கிற ராஸ் கிடியன்கிட்ட ஒரு காலை வரைஞ்சு காட்டினேன். புண்ணு இருக்கிற இடத்துல குழி விட்டுட்டா போச்சு சிஸ்டர்னு சொல்லிட்டுத் தாடியைத் தடவினான். அடியில டயர், மேல மெத்து ரப்பர், புண்ணுக்கு நேரா ஒரு குழி. முதல்ல போட்டவருக்கு ஒம்பது மாசமா ஆறாத புண்ணு ஏழு வாரத்துல மூடிடுச்சு. நீங்க மனுவுல 'புதுமை'ன்னு எழுதினது இதைத்தான்.

நிதி வாங்கணும்னா நான் மூணு வருஷம் இந்த இடத்தை விட்டு அசையக் கூடாதுன்னு கையெழுத்து கேட்டாங்க, போட்டேன். பார்படோஸ்ல புண் வைத்தியம் படிக்க இடம் கிடைச்சிருந்தது. வேண்டாம்னு எழுதிட்டேன். நம்ம அம்மா இந்தத் திட்டத்துல ஏழாம் நம்பர் நோயாளி. வலது முன்பாதத்துல காசு அளவு புண்ணு. அப்புறம் நான் எங்கே போறது?

அப்பா பேர் வெட்டின பித்தளை அச்சும் கிடைச்சது. 'எஸ்மண்ட் ஹாட்லி நினைவு நிதி'. கிடியன் அதைச் சூடு பண்ணி அழுத்திப் பார்த்தான். வார்ல இடம் பத்தல, அதனால குதிகால் படுற இடத்துல போட்டிருக்கான். பார்க்க நல்லாத்தான் இருக்கு.

வெர்லின்

ஹை விக்கம்,
28 மார்ச் 1998

அன்புத் தங்கை வெர்லினுக்கு,

பெல்மோர் பிள்ளைகள் சங்கத்தின் தலைவர் என்ற முறையிலும் அண்ணன் என்ற முறையிலும் எழுதுகிறேன். உன் கடிதத்தைக் கூட்டத்தில் படித்தேன். மூச்சு முட்டும் இடத்தை மட்டும் விட்டுவிட்டேன். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நிதி திரட்ட நாம் நடத்திய நடன விருந்துகளும் கடற்கரைப் பயணங்களும் வீண் போகவில்லை.

பெயர் விஷயத்தில் மட்டும் கறாராக இரு. முன்பு நாம் அனுப்பிய சக்கர நாற்காலி ஒன்று சந்தையில் வாழைத்தார் தள்ளிக்கொண்டு போனதை, விடுமுறைக்கு வந்த நம் ஆள் ஒருவரே படம் பிடித்துவிட்டார். நமக்கு இணையாகப் பங்கு போடும் ஆங்கில அறக்கட்டளை அதற்குப் பிறகு சொல்லிவிட்டது: ஒவ்வொரு பொருளிலும் நிதியின் பெயர் அழியாதபடி இருக்க வேண்டும், நோயாளி அதைப் பயன்படுத்தும் படம் வேண்டும். நவம்பரில் அவர்கள் பார்த்துத் திருப்தி அடைந்தால்தான் இரண்டாம் பாகம் வரும். அது வந்தால் இப்போதைய நாற்பது நோயாளிகள் இருநூறு பேர் ஆவார்கள்.

அப்பாவின் பெயர் பள்ளத்தாக்கு முழுக்க நடக்கப் போகிறது. பேருந்து ஓட்டிக்கொண்டிருக்கும்போது அதை நினைத்து நேற்று ஒரு நிறுத்தத்தையே தவறவிட்டேன். பயணிகள் திட்டினார்கள்.

உன் அண்ணன்,
காஸ்வெல்

பெல்மோர்,
15 ஜூன் 1998

அண்ணா,

அறிக்கை இத்தோட இருக்கு. நாற்பது பேருக்கு நாற்பது பேரும் செருப்பு போட்டுட்டுத்தான் கிளினிக்குக்கு வராங்க. படமும் இருக்கு. எல்லார் செருப்பும் புதுசு போல பளபளன்னு இருக்கு பாரு. நம்ம ஜனங்க ஒரு பொருளை இவ்வளவு பத்திரமா வெச்சுக்கிட்டு நான் பார்த்ததில்ல.

ஆனா புண்ணு ஆறல. பதினோரு பேருக்குத்தான் மூடியிருக்கு. அதுலயும் பத்துப் பேர் பள்ளத்தாக்குக்கு வெளியிலேர்ந்து வர்றவங்க. நம்ம ஊர்க்காரங்களுக்கு என்ன கேடுன்னு தெரியல. பெரிய டாக்டர் என்னைப் பார்த்து, உன் டயர் வித்தை அவ்வளவுதானான்னு கேட்டுட்டார். நான் அந்தக் கோபத்தை நோயாளிங்க மேல காட்டினேன். கொழுக்கட்டையும் சேம்பங்கிழங்கும் இனிப்பு டீயும் உள்ளே தள்ளினா எப்படி ஆறும்னு வரிசையா எல்லாரையும் திட்டினேன். தலையைக் குனிஞ்சு கேட்டுக்கிட்டாங்க.

அம்மாவையும் திட்டினேன். அவ புண்ணு சின்னதாகல, பெருசாகுது. காசு அளவு இருந்தது இப்ப தீப்பெட்டி அளவு. கிழங்கையாவது பாதியாக் குறைச்சுச் சாப்பிடு, இல்லேன்னா காலை எடுத்துடுவாங்கன்னேன். சரிடி, சரிடின்னா.

வெர்லின்

ஹை விக்கம்,
11 ஜூலை 1998

அன்புள்ள வெர்லின்,

அறிக்கையை அறக்கட்டளைக்கு அனுப்பினோம். நூற்றுக்கு நூறு பேர் அணிகிறார்கள் என்பதை அவர்கள் அடிக்கோடிட்டுப் பாராட்டி எழுதியிருக்கிறார்கள். புண் ஆறுவதற்கு நாள் பிடிக்கும், பொறுமையாக இரு.

நவம்பர் விருந்து மலரின் அட்டைக்கு அம்மாவின் படம் வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து, அப்பாவின் பெயர் தெரிகிற மாதிரி. அம்மா சிரிக்க வேண்டும்.

காஸ்வெல்

பெல்மோர்,
20 ஆகஸ்ட் 1998

அண்ணா,

உட்கார்ந்து படி.

போன புதன்கிழமை தடுப்பூசி போட மேலே நம்ம ஊருக்குப் போயிருந்தேன். ஞாயித்துக்கிழமை தவிர நான் வர மாட்டேன்னு அம்மாவுக்கு நிச்சயம். சொல்லாம வீட்டுக்குள்ள நுழைஞ்சேன். பின்னாடி தோட்டத்துல வெறுங்காலோட சேம்பங்கிழங்கு தோண்டிக்கிட்டிருக்கா. நான் திங்கக்கிழமை போட்ட கட்டு சேத்துல ஊறிக் கிடக்குது. செருப்பு எங்கேன்னு கேட்டேன். நானே தேடினேன். அலமாரி மேல, அப்பாவோட தொப்பிக்கும் பள்ளிக்கூட மணிக்கும் நடுவுல, வெள்ளைத் துணி சுத்தி வெச்சிருக்கா.

கத்தினேன். அவ மண்வெட்டியைச் சாய்ச்சு வெச்சுட்டு நிதானமாச் சொன்னா: "உங்கப்பா பேரை நான் எப்படிடி மிதிப்பேன்? கல்லறையில இருக்கிற அதே பேரு, அதே எழுத்து. அவர் கல்லறை மேல ஏறி நில்லுன்னா நிப்பியா நீ?"

கிளினிக்குக்குப் போட்டுட்டு வர்றியேன்னேன். கேட்லேர்ந்து நாற்காலி வரைக்கும்தானாம். அதுவும் பேர் மேல படக் கூடாதுன்னு குதிகாலைத் தூக்கிக்கிட்டு முன்காலாலயே நடக்கிறாளாம். அண்ணா, அவளுக்குப் புண்ணு இருக்கிறதே முன்காலுலதான். பாரம் முழுக்க அங்கேயேதான் இறங்கியிருக்கு. மருந்து வெச்ச கையாலயே நான் அவளுக்குக் குழி பறிச்சிருக்கேன்.

அப்புறம் ஒவ்வொரு வீடா ஏறி இறங்கினேன். எல்லா வீட்டுலயும் இதே கதை. சாராயக் கடை மெல்போர்ன் சொல்றார், சார் உயிரோட இருந்தப்ப அவர் பிரம்பைப் பார்த்தாலே ஒதுங்குவோம், இப்ப அவர் தலையிலயே ஏறி நடக்கச் சொல்றியான்னு. இந்தப் பள்ளத்தாக்குல அப்பாகிட்ட எழுத்து கத்துக்காதவங்க யாரு? வெளியூர்க்காரங்களுக்கு அது வெறும் எழுத்து, அவங்களுக்கு ஆறிடுச்சு. உள்ளூர்ல தினமும் போட்டு நடந்து புண்ணு ஆறினது ஒரே ஒரு ஆளுக்கு. எட்டாம் வகுப்புல அப்பாகிட்ட தினம் அடி வாங்கின ட்ராய். மிதிக்கிறப்ப எவ்வளவு சந்தோஷமா இருக்கு தெரியுமா சிஸ்டர்னு என்கிட்டயே சொல்றான்.

சிரிப்பு வருதா? எனக்கு வரல. நான் எழுதின அறிக்கை பொய். யாரும் என்கிட்ட சொல்லாததுக்குக் காரணம், நான் சார் பொண்ணு. அம்மா சொல்லாததுக்குக் காரணம், நீ. பையன் ஆசையா அனுப்பினான், மனசு உடைஞ்சு போவான்னு சொல்றா.

இனிமே அச்சு போட வேண்டாம்னு கிடியன்கிட்ட சொல்ல எனக்கு அனுமதி கொடு.

வெர்லின்

ஹை விக்கம்,
9 செப்டம்பர் 1998

வெர்லின்,

முடியாது. கோபப்படாமல் கேள்.

பெயர் இல்லாவிட்டால் நவம்பரில் பணம் நிற்கும், அறிக்கை பொய் என்று தெரிந்தால் கொடுத்ததையும் திருப்பிக் கேட்பார்கள். என்னை நம்பிப் பன்னிரண்டு வருடமாகக் கோழி பொரித்து விற்ற பெண்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? எல்லா ஷூவிலும்தான் உள்ளே பெயர் இருக்கிறது. இங்கே யாரும் அதைப் பார்த்துக் குதிகாலைத் தூக்குவதில்லை. நீ நர்ஸ். விளக்கிச் சொல்.

இன்னொன்றும் சொல்கிறேன். அந்தப் பெயரைப் பொறித்ததுதான் நான் அவருக்குச் செய்த ஒரே காரியம். அதையும் அழித்துவிடு என்கிறாய்.

காஸ்வெல்

பெல்மோர்,
8 அக்டோபர் 1998

மிஸ்டர் தலைவர் அவர்களுக்கு,

விளக்கிச் சொன்னேன். தொண்டை வத்துற வரைக்கும் சொன்னேன். பேர் மேல துணி ஒட்டிக் கொடுத்தேன். துணிக்கு அடியில சார் இருக்காருன்னு எங்களுக்குத் தெரியுமேன்னாங்க. அப்புறம் உன் விதிமுறையைத் தூக்கிப் போட்டுட்டு, அம்மாவுக்கு மட்டும் அச்சு இல்லாம ஒரு ஜோடி தைக்கச் சொன்னேன். கொண்டு போய்க் கொடுத்தா அதையும் அலமாரி மேல ஏத்திட்டா. புருஷன் பேர் போட்டுப் பையன் அனுப்பினதை ஒதுக்கிட்டு மொட்டைச் செருப்பு மாட்டிக்கவா, ரெண்டு பேரையும் வேண்டாம்னுட்டான்னு ஊர் பேசாதான்னு கேக்கறா. போட்டா அப்பாவுக்கு அவமானம், போடாட்டி உனக்கு அவமானம். அவ நடுவுல வெறுங்காலோட நிக்கிறா.

நானும்தான் நிக்கிறேன். வேலையை விட்டுட்டு வீட்டோட போய் அவளைப் பார்த்துக்கலாம்னா மூணு வருஷக் கையெழுத்து. வார்டுல கொண்டு வந்து படுக்க வைக்கலாம்னா இருக்கிறது பதினாலு படுக்கை. உண்மையை எழுதினா மத்த முப்பத்தொம்பது பேருக்கும் மருந்து கட்டுற துணிகூட நின்னுடும்.

புண்ணு எலும்பைத் தொட்டிடுச்சு. நேத்து ஊசியை விட்டுப் பார்த்தேன், டக்குன்னு தட்டுது. அம்மாவுக்கு வலிக்கவே இல்ல, என் முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தா.

அப்பாவுக்கு நீ செஞ்ச ஒரே காரியமா? அவர் பெட்டியை ஆறு பேர் தூக்கணும். தலைமாட்டுல வலது பக்கம் மூத்த பையனுக்குன்னு இடம் விட்டாங்க. நீ வரல, லீவு தரலன்னு தந்தி கொடுத்தே. வேற யாரும் அங்க நிக்கக் கூடாதுன்னு அம்மா பிடிவாதம் பிடிச்சா. அஞ்சு பேர்தான் தூக்கினாங்க. கோயில் படியில பெட்டி ஒரு பக்கம் சாஞ்சது, ஊரே ஐயோன்னு கத்துச்சு. அந்தக் காலி இடத்தை அடைக்கத்தான் நீ அச்சு அனுப்பியிருக்கே. அதுக்கு அம்மா கால்தான் கிடைச்சுதா?

வெர்லின்

ஹை விக்கம்,
2 நவம்பர் 1998

வெர்லின்,

உன் கடிதத்தை பஸ் டிப்போவில் நின்றுகொண்டே படித்தேன். அன்று வண்டி எடுக்கவில்லை.

அப்பா அடக்கத்துக்கு லீவு கொடுத்தாங்க. டிக்கெட்டும் வாங்கினேன். விமான நிலையத்துல பெட்டியோட ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், அப்புறம் திரும்பி வந்துட்டேன். பத்தொம்பது வயசுல நான் கிளம்பறப்ப, உருப்படியா ஒண்ணு செஞ்சுட்டு என் வாசல்ல ஏறுன்னு சொன்னார் இல்ல? இருபத்தாறு வருஷமா பஸ் ஓட்டறேன். எதைக் காட்டி ஏறுவேன்? செத்தவர் வாசல்தானேன்னு நீ சொல்லுவே. எனக்கு அப்பவும் பயமாத்தான் இருந்தது.

அச்சு வேண்டாம். தூக்கிக் கடல்ல போடச் சொல்லு. பணம் நின்னா நிக்கட்டும், சங்கத்துக்கு நான் பதில் சொல்லிக்கறேன். மொட்டைச் செருப்பைப் போட்டுக்கச் சொல்லி அம்மாவுக்குத் தனியா எழுதி உள்ளே வெச்சிருக்கேன். படிச்சுக் காட்டு. எனக்கு ஒரு அவமானமும் இல்லைன்னு சொல்லு.

காஸ்வெல்

பெல்மோர்,
20 நவம்பர் 1998

அண்ணா,

உன் கடிதம் பன்னிரண்டாம் தேதி வந்தது. கால் ஒம்பதாம் தேதி போச்சு. முழங்காலுக்குக் கீழே, வலது பக்கம். தந்தி கிடைச்சிருக்கும்.

உன்னைக் குத்திக் காட்டறதுக்காக எழுதல. அந்தத் தெம்பு இப்ப என்கிட்ட இல்ல. கட்டு மாத்தறப்ப என் கைதான் மாத்துது. எட்டு மாசம் அந்தக் காலைப் பார்த்த கை இதுதானே. நூறு முறை குனிஞ்சு புண்ணைப் பார்த்தேன், ஒரு முறைகூட அவ நடையைப் பார்க்கல.

நீ அம்மாவுக்கு எழுதினதைப் படிச்சேன். விமான நிலையத்துக் கதையையும் சொன்னேன். எனக்கு எழுதினதுதான், ஆனாலும் சொன்னேன். அப்புறம், செருப்புல பேர் கட்டாயம் இருக்கணுமா, இல்லேன்னா மத்தவங்களுக்குப் பணம் நின்னுடுமான்னு கேட்டா. ஆமான்னேன்.

"அப்ப அவன் பேரைப் போடச் சொல்லு. உயிரோட இருக்கிறவனை மிதிச்சா ஒண்ணும் ஆகாது. அப்பனைத்தான் தூக்க வரல, என்னையாவது தூக்கட்டும்."

அப்படியே எழுதுன்னா. எழுதிட்டேன். இடது பாதத்துலயும் கட்டைவிரலுக்குக் கீழே தோல் சிவந்திருக்கு. இந்தத் தடவை என்னால நாள் கடத்த முடியாது.

வெர்லின்

ஹை விக்கம்,
10 டிசம்பர் 1998

வெர்லின்,

கூட்டத்துல எல்லாத்தையும் படிச்சேன், மூச்சு முட்டுற இடத்தையும் சேர்த்து. பொய் அறிக்கையையும் ஒத்துக்கிட்டேன். தலைவர் பதவியை விட்டுட்டேன். அறக்கட்டளை ஆளு வந்திருந்தார். நல்லா திட்டினார். கடைசியில, பேர் இருக்கணும்னுதான் விதி, யார் பேர்னு விதியில எங்கேயும் இல்லையேன்னார். கொடுத்தவங்கள்ல ஒருத்தர் பேர் இருந்தாப் போதுமாம். மார்ச் மாசமே நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே இதைச் சொல்லியிருப்பார். நான் கேட்கல. கேட்கவே தோணல.

இத்தோட புது அச்சு இருக்கு. ரெண்டே வார்த்தை, 'காஸ்வெல் ஹாட்லி'. அப்பா பேரைப் பலகையில எழுதி உன் கிளினிக் வாசல் மேல மாட்டு, நிலைக்கு மேல, தலைக்கு மேல. இரண்டாம் பாகம் பிப்ரவரியில வரும். உன் மூணு வருஷத்துக்கு நடுவுல ஒரு வருஷம் படிக்க விடுவாங்களான்னு கேட்டேன். முடியாதுன்னுட்டாங்க. மறுபடியும் கேட்பேன்.

கிடியன்கிட்ட அம்மாவுக்கு இடது கால் மட்டும் தைக்கச் சொல்லு. குழி சரியா விழணும். அச்சை ஆழமா அழுத்தச் சொல்லு.

காஸ்வெல்

பெல்மோர்,
17 ஜனவரி 1999

அண்ணா,

பலகை மாட்டியாச்சு. உள்ளே வர்றவங்க எல்லாம் நிமிர்ந்து பார்த்து, குட் மார்னிங் சார்னு சொல்லிட்டுத்தான் நுழையறாங்க. புது அச்சு போட்ட செருப்பு வாங்கினவங்க அன்னைக்கே போட்டு அதுலயே நடந்து வீட்டுக்குப் போனாங்க. மெல்போர்ன் கடை வாசல் சேத்துல உன் பேர் மிதிபடறதை நானே பார்த்தேன். ட்ராய்க்கு மட்டும் வருத்தம், பழைய அச்சு போட்டதே வேணுமாம்.

அம்மா நேத்துதான் எழுந்து நின்னா. கம்பை ஒரு கையில கொடுத்தேன், மறு கை என் தோள்ல. இடது செருப்பை மாட்டி வாரை இறுக்கினேன். குதிகாலைத் தூக்காதேன்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள அவளே முழுப் பாதத்தையும் அழுத்தி ஊனினா. வலது பக்கம் ஒண்ணும் இல்லாததால உடம்பு மொத்தமும் அந்த ஒரு செருப்பு மேலதான் நின்னுச்சு. அப்படியே குனிஞ்சு காலைப் பார்த்துக் கேட்டா:

"காஸ்வெல், நான் கனமா இருக்கேனாடா?"

அவளுக்கு நீயே பதில் எழுது.

வெர்லின்